சயாமுக்குப் போனவரைத் தேடுவது எப்படி: யூதக் குடும்பங்களிடம் நான் கற்றுக்கொண்ட வழி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலருக்கு வீட்டில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தெரிந்திருக்கும். "தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, திரும்பி வரல." அதற்கு மேல் கேட்டால் "அது சப்பான்காரன் காலம்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து, சப்பான்காரன் காலம் என்றால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாற்பது வயது வரைக்கும் அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தொலைந்துபோனவர்களை மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று படிக்கப் போனபோது யூதக் குடும்பங்கள் செய்துவைத்திருக்கும் வேலை கண்ணில் பட்டது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தேடக் கற்றுக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு நடந்ததும் சயாமில் நம் ஆட்களுக்கு நடந்ததும் ஒன்றல்ல. அங்கே ஓர் இனத்தையே குழந்தை குட்டியோடு ஒழிக்க வேண்டும் என்று ஓர் அரசு திட்டம் போட்டு 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. இங்கே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை அவசர அவசரமாகப் போட ஜப்பானியர்கள் ஆள் பிடித்துப் போனார்கள், செத்தால் சாகட்டும் என்று விட்டார்கள். எது பெரிய துயரம் என்று எடை போட இதை எழுதவில்லை. கல்லறை இல்லாமல் போனவர்களைத் தேடுவதில் அவர்களுக்கு எழுபது ஆண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது, நாம் இப்போதுதான் தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

முதல் வேலை, ஒரு ஏ4 தாள் எடுங்கள். ஒருவருக்கு ஒரு தாள். எருசலேமில் 1953-ல் அமைக்கப்பட்ட யாட் வாஷெம் என்ற யூதப் படுகொலை நினைவு நிறுவனம் 1950-களிலிருந்தே இப்படித்தான் செய்துவருகிறது. சாட்சிப் பக்கம் என்று அதற்குப் பெயர். இறந்தவர் பெயர், அப்பா அம்மா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், போருக்கு முன் எங்கே இருந்தார், போரின்போது எங்கே இருந்தார், எப்படி இறந்தார், கடைசியில் இதை எழுதித் தருபவர் யார், அவருக்கு என்ன உறவு, கையெழுத்து. பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். சொந்தக்காரர்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை, குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சாதபோது பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். இப்படியும் மற்ற ஆவணங்களிலிருந்தும் சேர்த்த பெயர்கள் இன்று ஏறக்குறைய 50 லட்சம். எல்லாம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அதில் பாதிகூடச் சேர்ந்திருக்காது. அதனால் இன்றைக்கே எழுதுங்கள், காலியான கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். என்னுடைய தாளில் முதல் நாள் இருந்தது "தாத்தாவின் அண்ணன், பால்மரம் வெட்டியவர்" என்ற ஒரே வரி.

அடுத்தது வீட்டுப் பெரியவர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், காப்பகம் எங்கேயும் போய்விடாது. எங்கள் பெரிய அத்தைக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, சப்பான்காரன் காலத்தில் ஏழு வயதுப் பிள்ளை. "என்ன நடந்துச்சு அத்தை?" என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் "போனாரு, வரல" என்றுதான் பதில். நாலாவது தடவை கேள்வியை மாற்றினேன். "அன்னைக்கு வீட்ல என்ன சாப்பாடு?" என்றேன். மரவள்ளிக்கிழங்கு என்றார். உடனே, தன் பெரியப்பாவிடம், அதாவது நான் தேடும் தாத்தாவின் அண்ணனிடம், இருந்தது ஒரே ஒரு சட்டை, மற்ற நாளெல்லாம் கோணிச் சாக்கில் தைத்த காற்சட்டைதான், அன்று காலையில் பாட்டி அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார், காயவில்லை, ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினார், முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நிறுத்தாமல் சொன்னார். எண்பது ஆண்டாக அந்த ஈரச் சட்டை அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆகவே பெரிய கேள்வி கேட்காதீர்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு, பக்கத்து வீட்டில் யார், பெரட்டு என்ற காலை ஆள் எடுப்புக்கு யார் எழுப்புவார்கள், கங்காணி யார், கணக்கு எழுதும் கிராணி யார், கோயில் திருவிழாவில் அவர் என்ன வேலை செய்வார் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அன்றிரவே இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி போட்டுவையுங்கள். நான் முதல் பதிவை அப்படிச் செய்யாமல் இழந்தேன், அதில் இருந்த ஒரு தாலாட்டை அத்தையால் திரும்பச் சொல்ல முடியவில்லை.

ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொன்னால் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தை லோரி என்றார், தோட்டத்தில் இருந்த இன்னொரு தாத்தா ரயில் என்றார். இரண்டுமே சரியாக இருக்கலாம், தோட்டத்திலிருந்து லோரி, அப்புறம் ஸ்டேஷனிலிருந்து ரயில். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, அவர் கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒழுங்கு இல்லையென்றால் ஐந்து ஆண்டு கழித்து உங்கள் தாளை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பெயர்தான் பெரிய சிக்கல். போலந்திலோ லித்துவேனியாவிலோ இருந்த ஒரு யூதருக்கு எபிரேயப் பெயர் ஒன்று, வீட்டில் யிட்டிஷ் மொழியில் கூப்பிடும் பெயர் ஒன்று, அரசாங்கப் பதிவில் வேறொன்று. அதையும் ஒவ்வோர் அதிகாரி ஒவ்வொரு விதமாக எழுதிவைத்ததால், எழுத்தை விட்டு ஒலியை வைத்துத் தேடும் ஒரு முறையை 1980-களில் டெய்ச், மொக்கோட்டோஃப் என்ற இருவர் உருவாக்கினார்கள். நமக்கும் அதே பாடுதான். வீட்டில் சின்னான், செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகத்தில் வேறு பெயர். கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சாமிக்கு ஒய் போட்டும் இருக்கும், ஐ போட்டும் இருக்கும், ஒரு எம் இருக்கும், இரண்டு எம் இருக்கும். கருப்பன் கே-யிலும் தொடங்குவான், சி-யிலும் தொடங்குவான். வீராசாமியை டபிள்யூ-விலும் தேட வேண்டும். தேடப் போகுமுன் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்பா பெயருக்கும் அதே மாதிரி. யூதக் கல்லறைகளில் "இன்னார் பென் இன்னார்", அதாவது இன்னாரின் மகன், என்று இருக்கும். நம் மலேசிய அடையாள அட்டையான ஐசியில் அனாக் லெலாக்கி, அதாவது மகன், என்று போடுவதும் அதுதானே. ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்தால் அப்பா பெயர் ஒன்றுதான் பிரித்துக் காட்டும்.

பெயரே தெரியவில்லையா? குடும்பத்தில் அவருக்குப் பின் பிறந்த ஆண் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இறந்த உறவினரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், அதை வைத்தே தலைமுறைகளைக் கோத்துப் பார்க்கிறார்கள். நம்மில் பேரன் என்ற சொல்லே அந்த வழக்கத்திலிருந்துதான் வந்தது என்பார்கள். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு மட்டும் ஏன் பழைய காலத்துப் பெயர் என்று அத்தையைக் கேட்டேன். "அது பெரியப்பா பேரு" என்றார். அந்தப் பெயர் இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேதான் நடமாடிக்கொண்டிருந்தது.

இடத்துக்கு வருவோம். லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் மூன்றும் ஒரே நகரம், ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது. தோட்டங்களும் அப்படித்தான். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர்கள் துரை பெயரிலோ ஆற்றின் பெயரிலோ வைத்த பெயர் இன்னொன்று, கைமாறிய பின் மூன்றாவது பெயர், இப்போது அங்கே தாமான் என்ற புதுக் குடியிருப்பு வந்திருந்தால் நாலாவது. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆவணத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும், பெரியவர்கள் வாயில் தமிழ்ப் பெயர்தான் வரும், இரண்டையும் இணைக்கத் தெரிந்தவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். நான் தேடிய தோட்டத்தில் பழைய செக்ரோல்களைக் கைமாறியபோது எரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அது கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கோயில் நன்கொடைக் கல்வெட்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், தம்பி தங்கைகளின் பழைய பிறப்புப் பத்திரம் இவையும் இருக்கின்றன, விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஊர் தெரிய வேண்டுமானால் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஊர்க் கடிதங்களின் முகவரியையும், 1950-களில் ஊருக்குப் போய்வந்தவரின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் குலதெய்வம் எது என்று கேளுங்கள். சாமி பெயரோடு ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும்.

காலத்தைப் பிடிப்பது அடுத்தது. "எந்த வருசம்" என்றால் பெரியவர்களுக்குத் தெரியாது. "தம்பி பொறந்துட்டானா, தவழ்ந்தானா, நடந்தானா" என்று கேட்டால் தெரியும். அதைத் தெரிந்த தேதிகளோடு பொருத்துங்கள். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8, சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. ரயில் வேலை 1942-ல் தொடங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆளைப் பெருவாரியாக அள்ளிக்கொண்டு போனது 1943-ல், அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் காலராவும் வந்தது. இரண்டு முனையிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளம் ஒன்றுசேர்ந்தது 1943 அக்டோபர் 17. அதற்குப் பிறகும் பாதையைப் பராமரிக்கவும் விறகு வெட்டவும் ஆட்களை வைத்திருந்தார்கள், ஆகவே 1944-ல் கடிதமோ சேதியோ வந்ததாகச் சொன்னால் அதைத் தவறு என்று ஒதுக்காதீர்கள். "பட்டாளத்துக்குப் போனார்" என்றால் நின்று யோசியுங்கள். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்திலும் சேர்ந்தார்கள். சில வீடுகளில் இரண்டு கதையும் கலந்துவிட்டது. திரும்பி வரவில்லை என்றால் உடனே இறந்தார் என்றும் எழுதிவிடாதீர்கள். சயாமிலேயே தங்கி அங்கேயே குடும்பம் ஆனவர்களும் உண்டு.

இவ்வளவும் கையில் வந்த பிறகு காப்பகத்துக்குப் போங்கள். யூதக் குடும்பங்களுக்கு ஜெர்மனியில் அரோல்சன் காப்பகம் இருக்கிறது, ஏறக்குறைய 3 கோடி ஆவணங்கள், 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல், 2007-லிருந்து பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. நாஜிகள் ஆளை ரயிலில் ஏற்றியபோதும் பட்டியல் போட்டார்கள், அந்தப் பட்டியல்களே இன்று சாட்சி. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கு மேல், பெரும்பாலும் தமிழர்கள், ஆனால் அவர்கள் எல்லாரையும் பெயர் பெயராகக் காட்டும் ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் 1945-46 பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகளைக் கேளுங்கள். ஆளின் பெயரைப் போட்டுத் தேடாமல் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், மாவட்டம், சயாம் தொழிலாளர் என்று தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் போட்டிருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு, 1945 செப்டம்பருக்குப் பிந்தைய இதழ்களை உட்கார்ந்து புரட்டுங்கள். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகளையும் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 1943-ல் ஜப்பானியர்கள் போர்க் கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற இரண்டு குழுக்களாக நம் ஆட்களின் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் நீக்கே, கொன்கொய்தா மாதிரி முகாம்களில் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் கால் புண்ணிலும் பட்ட பாடு இருக்கிறது. உங்கள் ஆளின் பெயர் அதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகாம் பெயர் தெரிந்தவர்களுக்கு அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது என்பது தெரியவரும்.

அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் நடுவே அழகாகப் பராமரிக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்கு இடம் இருக்கிறது, அத்தனையும் போர்க் கைதிகள். நம் ஆட்கள் அங்கே இல்லை. வரிசை வரிசையாகப் பெயர் படித்துவிட்டு ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லாமல் வெளியே வருவது தாங்க முடியாத வேலை, தயாராகப் போங்கள். அங்கிருந்து வாட் தாவோர்ன் கோயிலுக்குப் போங்கள், ஆசியத் தொழிலாளர்களின் நினைவிடம் அங்கேதான்.

கடைசியாக நாள். ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இறந்த தேதி குடும்பத்துக்குத் தெரியாது, தேதி இல்லாமல் எந்த நாளில் இறந்தவருக்கான கட்டிஷ் பிரார்த்தனை சொல்வது? இஸ்ரேலின் தலைமை ரபிகள் அப்படிப்பட்டவர்களுக்காக யூத நாட்காட்டியின் தேவெத் மாதம் 10-ஆம் நாளை ஒதுக்கினார்கள். நமக்கு அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. அன்று விளக்கேற்றி, எழுதிய தாளைச் சத்தமாக வாசியுங்கள். பேனா கையில் இருக்கட்டும். போன மகாளய அமாவாசைக்கு நான் அத்தை வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துப் படைத்துவிட்டு, பெயரில் தொடங்கி ஈரச் சட்டை வரைக்கும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "கால்ல சுண்டு விரல் இருக்காதுப்பா அவருக்கு, மண்வெட்டி பட்டுப் போச்சு, அத எழுதலியே" என்றார்.

எந்தக் கால் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தன் இரண்டு பாதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடது காலை முன்னால் நகர்த்திக் காட்டினார்.