அட்டையில் 'குடியரசு': வரலாற்று நூல் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடியரசின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர் நூலகப் பட்டியலில் முதலில் தட்டச்சு செய்வது 'குடியரசு' என்ற சொல்லைத்தான். முதலில் ஏமாற்றுவதும் அதே சொல்தான். பிளேட்டோவின் நூலுக்கு அந்தப் பெயர் லத்தீன் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. கிரேக்கத் தலைப்பான 'பொலிதேயா'வுக்கு ஆட்சிமுறை, அரசமைப்பு என்று பொருள். ஞானிகள் மன்னராக வேண்டும் என்று வாதிடும் நூலைக் குடியரசுகளின் வரலாற்றுக்கு முன்னுரையாக எடுத்துக்கொண்டால் முதல் வாரமே வீண். ழான் போதன் 1576இல் வெளியிட்ட நூல் இன்னும் பெரிய பொறி. தலைப்பில் 'ரெபுப்ளிக்' இருக்கும். அக்காலப் பிரெஞ்சில் அதற்கு 'அரசு' என்றுதான் பொருள், நூலோ மன்னரின் பிளவுபடாத இறையாண்மைக்கு வாதாடுகிறது.

இதற்கு நேர்மாறான இழப்பும் உண்டு. 1569இல் லூப்ளின் ஒன்றியத்தால் உருவான போலந்து-லித்துவேனிய அரசு தன்னை 'ஜெச்போஸ்போலித்தா' என்று அழைத்துக்கொண்டது. குடியரசைக் குறிக்கும் 'ரெஸ் புப்ளிகா' என்ற லத்தீன் சொல்லின் போலிஷ் வடிவம் அது, இன்றைய போலந்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலும் அதே சொல்தான். அங்கே மன்னர் இருந்தார், ஆனால் பிரபுக்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 'மன்னர் இருக்கிறாரே' என்று அதை ஒதுக்கிவிடுபவர், 1652இல் ஒற்றை உறுப்பினரின் மறுப்பு ஒரு நாடாளுமன்றக் கூட்டத்தையே எப்படி முடக்கியது என்ற செறிவான அத்தியாயத்தைத் தவறவிடுகிறார். வைமர் காலத்து ஜெர்மனியிலும் தேடல் இடறும். 1919ஆம் ஆண்டு அரசமைப்பு நாட்டின் பெயரை 'டாய்ச்சஸ் ரைஷ்' (ஜெர்மன் பேரரசு) என்றே வைத்திருந்தது. 'வைமர் குடியரசு' என்று தேடினால் பிற்கால ஆய்வுகள் கிடைக்கும், அந்தக் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் சிக்காது.

இடப்பெயர்களில் விழும் குழி

பெயரைப் பார்த்து நூல் எடுப்பதில் ஆப்பிரிக்கக் குடியரசுகளைப் போலச் சறுக்கும் இடம் வேறில்லை. புகழ்பெற்ற பெனின் வெண்கலச் சிற்பங்கள் இன்று நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தைச் சேர்ந்தவை. பெனின் குடியரசுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அந்தக் குடியரசு 1975 வரை தகோமி என்று அழைக்கப்பட்டது, அதன் பழைய வரலாற்றைத் தேட வேண்டிய பெயரும் அதுதான். இடைக்காலக் கானா பேரரசு இன்றைய மௌரித்தேனியா, மாலி பகுதிகளில் இருந்தது. இன்றைய கானா அந்தப் பெயரை 1957இல் பெருமைக்காக எடுத்துக்கொண்டது. காங்கோ என்ற பெயரில் இரண்டு குடியரசுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்டது 1971 முதல் 1997 வரை சயீர். அந்த இடைவெளியில் அச்சான நூல்களை 'காங்கோ' என்று தேடினால், பிரசாவில்லைத் தலைநகராகக் கொண்ட மற்ற நாட்டின் நூல்களும் கலந்து வரும்.

மத்திய ஆசியாவில் குழப்பம் நுட்பமானது. ரஷ்ய ஆவணங்கள் நீண்ட காலம் கசாக் மக்களைக் 'கிர்கிஸ்' என்றே எழுதின. 1920இல் அமைந்த 'கிர்கிஸ் தன்னாட்சிக் குடியரசு' கசாக் மக்களுக்கானது, 1925இல்தான் அதன் பெயர் திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளைக் கிர்கிஸ்தானின் பண்பாட்டுச் சான்றாக மேற்கோள் காட்டும் நூல்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் மூடி வைத்துவிடலாம்.

யார் எழுதியது, எப்போது, யார் செலவில்

வரலாற்று நூலில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பெரும்பாலோர் கடைசியில் பார்ப்பதும் இதுதான்.

ரோமானியக் குடியரசு கி.மு. 509இல் தொடங்கியதாக மரபு சொல்கிறது. அதை விரிவாக எழுதிய லிவி பிறந்தது கி.மு. 59இல். இடையில் 450 ஆண்டுகள். கால் (Gaul) என்ற இனத்தவர் ரோமைச் சூறையாடியபோது பழைய பதிவுகளில் பெரும்பகுதி எரிந்தது என்று ஆறாம் நூலின் தொடக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே முதல் ஐந்து நூல்களைப் படிக்கலாம், தாராளமாகப் படிக்கலாம், ஆனால் அகஸ்டஸ் காலத்து ரோமானியர் தங்கள் முன்னோரை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதற்கான சான்றாக. இன்னொரு சிக்கல்: அவர் எழுதிய 142 நூல்களில் 35 மட்டுமே எஞ்சியுள்ளன. எஞ்சியவை கி.மு. 167 நிகழ்வுகளோடு நின்றுவிடுகின்றன. கிராக்கஸ் சகோதரர்கள், சுல்லா, சீசர் என்று குடியரசு சரிந்த கதை முழுவதும் தொலைந்த பகுதியில் இருக்கிறது. லிவியை முடித்துவிட்டு 'ரோமானியக் குடியரசைப் படித்தேன்' என்பது பாதி நாடகத்தில் எழுந்து வருவதைப் போன்றது. வீழ்ச்சிக் காலத்துக்கு, அப்போது வாழ்ந்த அரசியல்வாதி சிசரோவின் கடிதங்களே தலையாயவை. அந்தத் தொகுப்பில் 900க்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன, பல நடப்பைப் பார்த்தபடியே எழுதப்பட்டவை. புளூட்டார்க்கும் அப்பியனும் எழுதியது பேரரசு நிலைபெற்றுவிட்ட பிறகு.

ரோமின் அரசமைப்பைப் பாராட்டும் போலிபியஸ் கி.மு. 167இல் பிணையாளாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட கிரேக்கர். சிப்பியோ குடும்பத்தின் நண்பரானார். கன்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை ஆட்சியர்), செனட், மக்கள் என்ற மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் என்ற அவர் வருணனை பிற்கால அரசமைப்புகளுக்கே பாடமாயிற்று. ஆனால் அது விருந்தோம்பிய வீட்டைப் பற்றி விருந்தாளி சொன்ன நல்வார்த்தை என்பதை மறந்துவிடக் கூடாது.

வெனிஸில் இதே விஷயம் இரண்டு திசையிலும் கோணலாகிறது. அந்தக் குடியரசு தனக்கென அதிகாரப்பூர்வ வரலாற்றாசிரியரை நியமித்து வைத்திருந்தது. 1530இல் அந்தப் பொறுப்பு பியெத்ரோ பெம்போவிடம் வந்தது. அந்த வரிசை நூல்களில் வெனிஸ் எப்போதும் அமைதியான, நீதியான அரசு. 1797இல் நெப்போலியன் அதை ஒழித்தார். அவருடைய அதிகாரியாக இருந்த பியேர் தாரு 1819இல் வெளியிட்ட வரலாற்றில் வெனிஸ் உளவாளிகளும் நிலவறைகளும் நிறைந்த கொடுங்கோன்மை. கொன்றவர் தரப்பு எழுதிய இரங்கல் குறிப்பு வேறு எப்படி இருக்கும்? இரண்டையும் தாண்டிப் போக, மரீன் சனூதோ 1496 முதல் 1533 வரை நாள்தோறும் எழுதிய 58 தொகுதி நாட்குறிப்பு இருக்கிறது. முழுவதையும் யாரும் படிக்கச் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகளில் 50 பக்கம் போதும், உப்பு விலையும் வதந்தியும் வாக்கெடுப்பும் ஒரே பக்கத்தில் வரும்.

துருக்கியில் நிறுவனரே வரலாற்றாசிரியர். முஸ்தபா கெமால் 1927 அக்டோபரில் ஆறு நாட்களில் 36 மணி நேரத்துக்கும் மேல் நிகழ்த்திய உரை, வரலாற்றை 1919 மே 19இலிருந்து சொல்லத் தொடங்குகிறது. பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களும் அதே நாளில் தொடங்கின. ஒரு நூல் அந்த நாளுக்கு முன்பிருந்த ஒட்டோமான் சீர்திருத்தங்களுக்கு ஒரு அத்தியாயமாவது ஒதுக்கியிருக்கிறதா என்று பொருளடக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

சோவியத் குடியரசுகளில் பதிப்பாண்டே பாதி விமர்சனம். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் 1940இல் 'விரும்பி இணைந்தன' என்று பழைய நூல்கள் சொல்லும். அவற்றைப் பங்கிட ஹிட்லரின் ஜெர்மனியோடு செய்த 1939ஆம் ஆண்டு ரகசிய உடன்படிக்கை இருந்ததை மாஸ்கோ 1989 டிசம்பர் வரை ஒப்புக்கொள்ளவில்லை. மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே வந்த அழகிய பதிப்புகளுக்கும் இது பொருந்தும். இலக்கியத்துக்கு அவை பொக்கிஷம். ஆனால் 1932-33 பஞ்சத்தையோ 1944இல் செச்சென் மக்களும் கிரிமியத் தாதர்களும் நாடுகடத்தப்பட்டதையோ அவற்றில் தேடிப் பயனில்லை.

தாமே எழுதி வைக்காத குடியரசுகளுக்கு வேறு எச்சரிக்கை வேண்டும். வைசாலியை மையமாகக் கொண்ட வஜ்ஜி போன்ற கண-சங்கங்களை, அதாவது குலத் தலைவர்கள் அவையாகக் கூடி ஆண்ட பழைய வட இந்திய அரசுகளைப் பற்றி நாம் அறிவது பௌத்த, சமண நூல்களும் பாணினியும் அர்த்தசாஸ்திரமும் சொல்வதிலிருந்து. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று வைசாலியில் 7,707 ராஜாக்கள் இருந்தார்கள் என்கிறது. அதைக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொண்டு 'நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கை' என்று எழுதுவது ஒரு தவறு. பௌத்தத் துறவியர் சங்கத்தில் வாக்குச் சீட்டுக்குப் பயன்பட்ட குச்சிகளின் விதிகளை அப்படியே அரசியல் அவைக்கு ஏற்றிச் சொல்வது இன்னொன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் எழுதப்பட்ட நூல்களில் இரண்டும் உண்டு. அக்காலத் தேவை புரிகிறது, ஆனாலும் அவற்றை மட்டும் படித்து நிற்கக் கூடாது.

'மக்கள்' என்றால் யார்?

குடியரசு என்பதையும் மக்களாட்சி என்பதையும் ஒன்றாக்கிப் படிப்பது பரவலான பிழை. வெனிஸின் ஆட்சித் தலைவரான தோஜே 1268 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையின் எண்களைப் பாருங்கள்: குலுக்கலில் 30 பேர், அவர்களில் 9, அவர்கள் தேர்ந்தெடுக்கும் 40, அவர்களில் 12, பிறகு 25, 9, 45, 11, கடைசியாக 41. அந்த 41 பேரில் 25 வாக்கு பெற்றவர் தோஜே. சூழ்ச்சியைத் தடுக்க இதைவிடச் சிக்கலான ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் 1297க்குப் பிறகு பெருமன்றத்தின் கதவு குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டுமே திறந்தது. நல்ல நூல் இரண்டையும் சொல்லும். கண-சங்கங்களின் அவையிலும் குலத் தலைவர்களே அமர்ந்தார்கள், உழைத்த அடிமைகளுக்கு அங்கே இடமில்லை.

ஹெய்த்தியைப் பற்றிய நூல்களுக்கு ஒரு எளிய சோதனை வைத்துக்கொள்ளலாம். 'குடியரசு 1804இல் பிறந்தது' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தால் எச்சரிக்கை. அந்த ஆண்டு தெசாலின் பேரரசரானார். 1806இல் அவர் கொல்லப்பட்ட பின் தெற்கே குடியரசும் வடக்கே தனியரசும் (1811 முதல் முடியரசு) நடந்து, 1820இல் ஒன்றாயின. அடுத்து, 1825இல் பிரான்ஸ் விதித்த 15 கோடி பிராங்க் இழப்பீட்டையும், 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டதையும் பேசாமல் அந்நாட்டின் வறுமையைப் 'பண்பாட்டால்' விளக்குகிற நூலுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

நாட்காட்டியும் பெயரடைவும்

வெனிஸில் ஆண்டு மார்ச் 1 அன்று பிறந்தது, ஃபுளோரன்ஸில் மார்ச் 25 அன்று. வெனிஸ் ஆவணத்தில் 1500 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1501. டச்சுக் குடியரசில் ஹாலந்து மாகாணம் 1583லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, உத்ரெக்ட் போன்றவை 1700 வரை காத்திருந்தன. ஒரே நாட்டுக்குள் பத்து நாள் வேறுபாடு. பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின் 'இரண்டாம் ஆண்டு தெர்மிதோர் 9' என்பது 1794 ஜூலை 27. இரண்டு நூல்கள் வேறு வேறு தேதி சொன்னால் ஒருவரைப் பொய்யராக்கும் முன் முன்னுரையில் தேதி பற்றிய குறிப்பைத் தேடுங்கள். அந்தக் குறிப்பே இல்லாத நூல் கவனமாக எழுதப்பட்டதா என்பது ஐயம்தான்.

பெயரடைவிலும் இப்படித்தான். துருக்கியில் குடும்பப்பெயர்ச் சட்டம் 1934இல் வந்தது. அதற்கு முந்தைய நூலில், பின்னாளில் குடியரசுத் தலைவரான இனோனுவை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார், இஸ்மெத் பாஷா என்று தேட வேண்டும்.

நூலைக் கையில் எடுத்தால் பத்து நிமிடம் இப்படிச் செலவிடலாம். பதிப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு புதிதாக இருக்கும், உள்ளடக்கம் அறுபது ஆண்டுப் பழசாக இருக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியிலிருந்தா, ஆங்கிலம் வழியா என்று பாருங்கள். இரண்டு முறை வடிகட்டியதில் 'ரெஸ் புப்ளிகா' போன்ற சொற்கள்தான் முதலில் உருமாறும். பிறகு ஏதாவது ஒரு அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளில் முதல் இருபதை எண்ணுங்கள். அந்நாட்டு மொழியில் ஒன்றுகூட இல்லையென்றால், அது தூரத்திலிருந்து எழுதிய நூல்.

பண்பாடு தனி அலமாரியில் இல்லை

திருவிழா, உணவு, உடை பற்றிய படநூலைப் பண்பாட்டு வாசிப்பாகக் கருதுவது வீணான செலவு. குடியரசுகள் பண்பாட்டைச் சட்டம் போட்டே செய்திருக்கின்றன. பிரான்சின் மூன்றாம் குடியரசு 1879இல் மார்செய்யேஸ் பாடலை மீண்டும் தேசிய கீதமாக்கியது, 1880இல் ஜூலை 14ஐத் தேசிய நாளாக்கியது, 1881-82இல் தொடக்கப் பள்ளியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் மாற்றியது, 1905இல் திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது. இந்த நான்கையும் அறியாதவருக்கு இன்று அங்கே பள்ளியில் சமயச் சின்னம் பற்றி நடக்கும் சண்டை விளங்காது. துருக்கியின் 1928 எழுத்துமாற்றம் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அரபு எழுத்தில் அச்சான தாத்தாவின் நூலைப் பேரனால் படிக்க முடியாமல் போனது. எழுத்தும் பள்ளியும் பேசப்படாத பண்பாட்டு நூலை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

படிக்கும் வரிசை: 200 பக்கத்துக்கு மிகாத ஒரு சுருக்க வரலாறு, அதைப் படிக்கும்போதே கையால் எழுதிய 15 தேதிகள் கொண்ட ஒரு தாள். பிரான்ஸ் என்றால் ஐந்து குடியரசுகளும் அவற்றுக்கு இடையில் புகுந்த பேரரசுகளும் மன்னராட்சியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விஷி அரசும் அந்தத் தாளில் ஏறிவிட வேண்டும். தென்கொரியா என்றால் இப்போது நடப்பது ஆறாவது குடியரசு. அடுத்து அக்காலத்தவர் எழுதியதில் 50 பக்கம். அதன் பிறகுதான் 600 பக்க ஆய்வுநூல். பலர் அந்த 600 பக்கத்தில் தொடங்கி 80ஆம் பக்கத்தில் நிற்கிறார்கள்.

நாவலை எப்போது சேர்ப்பது? சுருக்க வரலாற்றுக்குப் பிறகு, ஒருபோதும் அதற்குப் பதிலாக அல்ல. கொலம்பியாவில் 1928 டிசம்பரில் சியெனகாவில் வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. தளபதி ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 47. உண்மை எண்ணிக்கை இன்றுவரை முடிவாகவில்லை. கார்சியா மார்க்வெஸ் 1967இல் வெளியிட்ட நாவலில் பிணங்கள் மூவாயிரத்துக்கு மேல். தம் கதைக்குத் தேவையான அளவுக்குத்தான் அதைப் பெரிதாக்கினேன் என்று பின்னர் அவரே சொன்னார். அதற்குள் அந்த எண் வரலாற்று நூல்களுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. மூவாயிரம் என்று எழுதியிருக்கும் பக்கத்தில் அடிக்குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று புரட்டிப் பாருங்கள்.