தீவாளி சேல்ஸ்ல "ஒரு பகுதி இல்லத்துக்கு"ன்னு போடுறவங்க செய்யக் கூடாத தப்பு

கோலாலம்பூர்ல பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா பக்கம் கடை வச்சிருக்கவங்க, வாட்சப்ல முறுக்கு விக்கிற அக்காங்க, எல்லாருக்கும் தான் சொல்றேன். விக்கிற காசுல ஒரு பகுதிய ஆதரவில்லாத பிள்ளைங்க இல்லம் மாதிரி இடத்துக்கு நல்ல மனசோட தான் கொடுக்குறீங்க, ஆனா போஸ்டர்ல எழுதுற விதத்துலயே ஜனங்களோட நம்பிக்கை போயிடுது.

ரொம்ப பெரிய தப்பு "லாபத்துல 10%"ன்னு போடுறது. 80 வெள்ளி (ரிங்கிட்) புடவையில உங்களுக்கு நிக்கிறது 20 வெள்ளின்னு வைங்க, இல்லத்துக்கு போறது 2 வெள்ளி, ஆனா வாங்குறவங்க மனசுல 8 வெள்ளி போகுதுன்னு தான் கணக்கு ஓடும், ஏன்னா அவங்க கண்ணுக்கு தெரியிறது விலை மட்டும் தானே. 2003லயே இத ஆராய்ச்சி பண்ணி காட்டிட்டாங்க, லாபத்துல சதவீதம்னு சொன்னா நெறய பேரு அத விலையில சதவீதமாவே எடுத்துக்கிறாங்களாம். அப்புறம் உண்மை தெரியும்போது ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சா அவங்க மேல தப்பே இல்ல. "ஒரு புடவைக்கு 2 வெள்ளி"ன்னு நேரா போட்டுடுங்க. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1983ல சுதந்திர தேவி சிலைய சரி பண்ண காசு சேத்தப்போ கார்டு யூஸ் பண்ற ஒவ்வொரு தடவைக்கும் 1 சென்ட், புது கார்டுக்கு 1 டாலர்னு தான் சொன்னாங்க, 17 லட்சம் டாலர் சேந்துச்சு.

எந்த இல்லம்னு பேரே போடாம விடாதீங்க, அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, பதிவு இருக்கான்னும் பாருங்க. "வரி விலக்கு உண்டு"ன்னு அவசரத்துல போட்டுடாதீங்க லா, மலேசியாவோட 1967 வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுல அங்கீகாரம் வாங்குன அமைப்புக்கு நன்கொடை கொடுத்தா தான் அது, புடவை வாங்குன காசுக்கெல்லாம் கிடையாது.

இல்லத்துப் பிள்ளைங்க முகத்த டிக்டாக்ல போடுறது எனக்கு தாங்கவே முடியாது. அந்தப் பிள்ளை நாளைக்கு ஸ்கூலுக்கு போகணும், கூடப் படிக்கிறவங்க பாப்பாங்க, அத யாரு யோசிக்கிறா? ரசீது படம் போட்டா போதும்.

இன்னொன்னு, சாமான் வாங்கிட்டா தர்மம் பண்ணியாச்சுன்னு மனசு நெறஞ்சிடும், அப்புறம் தனியா கொடுக்கிறது கொறையுதுன்னு 2011ல மார்க்கெட்டிங் பேராசிரியர் அராத்னா கிருஷ்ணாவோட ஆராய்ச்சியில வந்திருக்கு. அதனால கவுண்டர்ல அந்த இல்லத்தோட சொந்த கியூஆர் கோடையும் வைங்க, உங்க அக்கவுண்ட்டோடது வேணாம்.

சேல்ஸ் முடிஞ்சதும் எத்தன வித்துச்சு, எவ்ளோ கொடுத்தீங்க, என்னைக்கு கொடுத்தீங்கன்னு அதே பேஜ்ல போடுங்க, நெனச்சதுல பாதி தான் சேந்திருந்தாலும் அந்த நம்பரையே போடுங்க.