திரிப்டோபன் ஒபரோனை ரிப்பனில் விளங்கிக்கொள்ளும் முறை

எசரிக்கியா கோலை பற்றீரியா, திரிப்டோபனைத் தொகுப்பதற்கான ஐந்து பரம்பரை அலகுகளை ஒரே ஒபரோனாக, அதாவது சேர்ந்தே படியெடுக்கப்படும் தொகுதியாக, வைத்திருக்கிறது. அந்த அமினோ அமிலம் கலத்தில் நிறைந்திருந்தால், அது அடக்கிப் புரதத்துடன் இணைந்து அப்புரதத்தை டி.என்.ஏ.யில் பிணையச் செய்கிறது. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதி உருவாகும் படியெடுத்தல் தொடங்குவதே அரிதாகிவிடும். திருகோணமலையில் மாலை வகுப்புக்கு வரும் என் உயர்தர மாணவர்கள் இதனைச் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது, சார்ள்ஸ் யனொஃப்ஸ்கியின் குழுவினர் 1970களில் கண்டறிந்த இரண்டாவது கட்டுப்பாடாகிய தணிப்பில், அதாவது தொடங்கிவிட்ட படியெடுத்தலை இடையில் நிறுத்துவதில்தான். அதனை மனனம் செய்யாமல் கையால் செய்துபார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆர்.என்.ஏ.யைக் குறிக்க உள்துறைமுக வீதிக் கடையில் வாங்கும் சாதாரண ரிப்பன் போதும். முதலாவது பரம்பரை அலகுக்கு முன்னுள்ள தலைப்பகுதி 162 நியூக்கிளியோரைட்டு நீளமானது என்பதால், ஒன்றுக்கு 1 செ.மீ. என்று 162 செ.மீ. வெட்டவும். 27 இல் தொடக்கக் கோடோனையும் (கோடோன் என்பது புரதத் தொகுப்புக்கான மூவெழுத்துக் குறி), 54 முதல் 59 வரை அடுத்தடுத்த இரண்டு திரிப்டோபன் கோடோன்களைச் சிவப்பிலும், 70 ஐ ஒட்டி நிறுத்தக் கோடோனையும் குறிக்கவும். சிவப்பிலிருந்து நிறுத்தக் கோடோன் வரையுள்ள பகுதி 1 ஆகும்; 75, 110, 126 ஆகியவற்றை அண்மித்து முறையே 2, 3, 4 தொடங்குகின்றன. 4 ஐத் தொடர்ந்து யூரசில் வரிசை ஒன்றையும் எழுதவும். 30 செ.மீ. அட்டைத் துண்டு, ஆர்.என்.ஏ.யை வாசித்துப் புரதம் தொகுக்கும் இரைபோசோமாகும்.

ஒருவர் ஆர்.என்.ஏ.யை ஆக்கும் நொதியமாகிய பொலிமரேசாக நின்று, சுருட்டிய ரிப்பனைக் கையிலிருந்து சிறிது சிறிதாக விடுவிக்க, மற்றவர் பின்னால் அட்டையை நகர்த்தட்டும். திரிப்டோபன் குறைந்தால், அதனைச் சுமந்துவரும் இடமாற்று ஆர்.என்.ஏ. கிடைக்காமல் அட்டை சிவப்பிலேயே நின்று 1 ஐ மூடிவிடும். ஆகவே 4 வெளிவருமுன் 2 உம் 3 உம் இணைகின்றன, பொலிமரேசு தொடர்ந்து செல்கிறது. திரிப்டோபன் நிறைந்தாலோ அட்டை தடையின்றி நிறுத்தக் கோடோனை அடைந்து 2 இன் ஒரு பகுதியை மறைக்கிறது. துணையிழந்த 3, பின்வரும் 4 உடன் கொண்டையூசிபோல் மடிகிறது, யூரசில் வரிசையின் பிடிப்பு வலுவற்றது என்பதால் ஆர்.என்.ஏ. 140 ஐ அண்மித்துக் கழன்றுவிடுகிறது. இரைபோசோமின் தடையற்ற ஓட்டமே பொலிமரேசை நிறுத்துகிறது என்பதைத்தான் மாணவர் பலர் தலைகீழாக எழுதுகின்றனர். இந்த இடத்தில் அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை செய்துகாட்டவும்.

விளங்கியதா என்று அறிய, தொடக்கக் கோடோனை அழித்துவிட்டு என்ன நிகழும் என்று கேட்கவும். இரைபோசோம் ஏறாதபோது 1 உம் 2 உம் தமக்குள் இணைய, 3 உம் 4 உம் மடிந்து படியெடுத்தல் நின்றுவிடும் என்று மாணவர் தாமே ரிப்பனை மடித்துக் காட்டும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்ல வேண்டாம்.