சாலையோர வரலாற்றுப் பலகைகளை வாசிக்கப் பழகுவது எப்படி? வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவில் கிராமப்புறச் சாலைகளில் போனவர்கள் இந்தப் பலகைகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கம்பத்தின் மேல் ஓர் உலோகத் தகடு, அதில் நெருக்கமாகச் சில வரிகள். கார் போகிற வேகத்தில் தலைப்பைத் தவிர எதுவும் கண்ணில் படாது. இறங்கி நின்று படிப்பவர்கள் குறைவு. படித்தாலும், போர், தளபதி, தேதி என்று மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தால் துணுக்குச் செய்திதான் கிடைக்கும். ஒரு கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உள்ளவற்றைச் சேர்த்துப் படித்தால், அந்த ஊர் தன்னைப் பற்றி எந்தக் காலத்தில் எதைச் சொல்ல விரும்பியது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது புரியும். அப்படிப் படிப்பது எப்படி என்று புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு கவுன்டியைத் தேர்ந்தெடுங்கள்

மாநிலம் முழுவதும் சுற்ற ஆசைப்பட வேண்டாம். சிறிய கவுன்டி ஒன்று போதும். நான் எடுத்துக்கொள்வது வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி. ரிச்மண்டுக்குத் தென்மேற்கே, வயலும் காடுமாக இருக்கும் பகுதி. ஃபார்ம்வில் அதன் தலைநகர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில் சில மோதல்களும், பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்த வழக்கின் தொடக்கமும் இதே சின்ன இடத்தில்தான் நடந்தன.

வர்ஜீனியாவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பலகைத் திட்டத்தை முதலில் தொடங்கிய மாநிலங்களில் அதுவும் ஒன்று. 1927-இல் ரிச்மண்டுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே யு.எஸ். 1 சாலையோரம் முதல் பலகைகள் நின்றன. இன்று மாநிலம் முழுக்க 2,500-க்கு மேல் இருக்கின்றன.

படி 2: வீட்டிலேயே பட்டியல் போடுங்கள்

எச்எம்டிபி (HMDB, Historical Marker Database) என்கிற இணையத் தரவுத்தளத்தைத் திறந்து கவுன்டி பெயரைத் தேடுங்கள். 2006-இல் தொடங்கிய தளம் இது. பலகை ஆர்வலர்கள் தாங்களே படம் எடுத்து, வாசகத்தைத் தட்டச்சு செய்து, இருக்குமிடத்தோடு ஏற்றி வைத்திருக்கிறார்கள். கிடைத்தவற்றை உங்கள் மொபைல் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் சிக்னல் போய்விடும், அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: யார் வைத்த பலகை என்று அடையாளம் காணுங்கள்

வெள்ளி நிறத் தகட்டில் கறுப்பு எழுத்து, உச்சியில் மாநில முத்திரை இருந்தால் அது வர்ஜீனியா அரசின் பலகை. சாய்வான மேசை போல நின்று, படங்களும் வரைபடமும் நிறைந்திருந்தால் பெரும்பாலும், உள்நாட்டுப் போர் நடந்த இடங்களை அடையாளம் காட்டும் சிவில் வார் டிரெயில்ஸ் அமைப்பினுடையது. சுவரில் பதித்த வெண்கலத் தகடு என்றால் அந்தக் கட்டடம் தேசிய அளவில் பட்டியலிடப்பட்டிருக்கலாம். கல்வெட்டுகளைச் சங்கங்களோ குடும்பங்களோ நட்டிருக்கும். வைத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் வாசகத்தின் தொனி அமையும்.

கவுன்டி எல்லையிலும் பலகை உண்டு. ஒரு பக்கம் நீங்கள் நுழையும் கவுன்டியின் கதை, மறுபக்கம் அடுத்த கவுன்டியின் கதை. இரண்டு பக்கமும் படியுங்கள்.

படி 4: பத்திரமாக நிறுத்துங்கள்

பல பலகைகளுக்கு முன்னால் கார் நிறுத்தத் தனி இடம் இருக்காது. சாலை வளைவில் நிறுத்தாதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு தேவாலய வாசலிலோ கடை முன்போ நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பலகைக்குப் பின்னால் தெரியும் பழைய வீடு தனியார் சொத்தாக இருக்கலாம். வேலியைத் தாண்ட வேண்டாம்.

எழுத்துகள் தகட்டிலிருந்து புடைத்து நிற்கும்படி வார்க்கப்பட்டிருக்கும். பழைய பலகைகளில் சாயம் உதிர்ந்து, எழுத்தும் தகடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால், ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து, சாயமே இல்லாத வரியும் படமெடுக்கத் தெளிவாகத் தெரியும்.

படி 5: கீழிருந்து மேலே படியுங்கள்

நான் யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கடைசி வரியில் பலகையை நிறுவிய துறையின் பெயரும் ஆண்டும் சின்ன எழுத்தில் இருக்கும். பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஆணையம் என்று இருந்தால் அது 1920, 30-களின் பலகை. வரலாற்று வளங்கள் துறை என்றால் 1989-க்குப் பிந்தையது.

அந்தக் கால இடைவெளியில் சொல்லப்படும் விஷயமே மாறியிருக்கிறது. தொடக்ககாலப் பலகைகளில் படை நகர்வுகளும் தளபதிகளும் பெரிய வீடுகளும் நிறைந்திருக்கும். கறுப்பின மக்களின் பள்ளிகள், தேவாலயங்கள், குடியிருப்புகள் பலகை ஏறியது பெரும்பாலும் பின்னால்தான். ஆண்டைப் பார்த்துவிட்டுப் படித்தால், எழுதியவர் எந்தக் காலத்தில் நின்று பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

படி 6: ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் படியுங்கள்

முதலில் ஹை பிரிட்ஜுக்குப் போங்கள். அப்போமாட்டக்ஸ் ஆற்றின் மேல் 2,400 அடிக்கு மேல் நீளமான ரயில் பாலம். இப்போது மாநிலப் பூங்காவாக நடந்தே கடக்கலாம். 1865 ஏப்ரல் 7 அன்று, உள்நாட்டுப் போரில் பின்வாங்கிய தெற்கு மாநிலங்களின் படை, அப்போது இங்கே இருந்த பாலத்தின் ஒரு பகுதியை எரித்தது. ஆனால் கீழே இருந்த வண்டிப் பாலத்தை எரிக்கத் தாமதமானது. வடக்குப் படை தீயை அணைத்து அதன் வழியாகவே ஆற்றைக் கடந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அப்போமாட்டக்ஸில் தெற்குப் படையின் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார்.

அப்புறம் ஃபார்ம்வில் ஊருக்குள், முன்னாள் மோட்டன் உயர்நிலைப் பள்ளிக்கு வாருங்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939-இல் கட்டிய பள்ளி இது. 180 பேருக்கான இடத்தில் 1951 வாக்கில் 450-க்கு மேல் படித்தார்கள். புதுக் கட்டடம் கட்டாமல், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளை வெளியே போட்டுக் கொடுத்தது நிர்வாகம். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வெக்கை தாங்காது, தள்ளி இருந்தவர்கள் கோட்டைக் கழற்றவே முடியாது.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தலைமையாசிரியரை ஒரு தொலைபேசி அழைப்பால் வெளியே போக வைத்துவிட்டு, எல்லா மாணவர்களையும் அரங்கத்தில் கூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கு என்ற பெயரில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஐந்து வழக்குகளில் ஒன்று. 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே நின்று நிதானமாக யோசியுங்கள். இந்தக் கவுன்டியின் அரசுப் பள்ளிகள் 1959 முதல் 1964 வரை மூடிக் கிடந்தன. "மூடப்பட்டன" என்று எங்கே படித்தாலும், மூடியது யார் என்று கேளுங்கள். பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று, பள்ளிகளுக்கான வரியை விதிக்க மறுத்தது கவுன்டியின் நிர்வாகக் குழு. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் உறவினர் வீடுகளுக்கும் வேறு மாநிலங்களுக்கும் போனார்கள். பலர் படிப்பையே இழந்தார்கள். இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1964-இல் கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. தகட்டில் சில வரிகளுக்குத்தான் இடம். ஐந்து வருடம் பள்ளிக்கூடம் இல்லாத குழந்தையின் கதை அதில் அடங்காது. அதற்காகத்தான் அந்தப் பள்ளியே இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவசியம் உள்ளே போங்கள், அரைமணி நேரத்தில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 7: பலகைக்குப் பின்னால் உள்ள காகிதத்தைத் தேடுங்கள்

ஃபார்ம்வில் அருகே இஸ்ரேல் ஹில் என்று ஓர் இடம். ரிச்சர்ட் ராண்டால்ஃப் என்ற நிலக்கிழார் 1796-இல் இறந்தபோது, தன்னிடம் அடிமைகளாக இருந்தவர்களை விடுவித்து, அவர்களுக்கு நிலமும் தர வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அது நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. 1810 வாக்கில்தான் அவர்கள் தங்கள் நிலத்தில் குடியேறினார்கள். உள்நாட்டுப் போருக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே விவசாயம் செய்தும், ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியும் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் அவர்கள்.

இப்படி ஒரு பலகையைப் பார்த்தால் அடுத்த கேள்வி, இது எப்படித் தெரியவந்தது என்பது. விடை கவுன்டி நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும். உயில்கள், நிலப் பத்திரங்கள், நீதிமன்றக் குறிப்பேடுகள் எல்லாம் அங்கேதான் பதிவாகும். வர்ஜீனியா கவுன்டிகளின் பழைய பதிவுகளில் நிறைய ரிச்மண்டில் உள்ள மாநில நூலகத்தில் மைக்ரோஃபிலிமாகவும் கிடைக்கும். முதல் முறை போகும்போது ஒரே ஒரு பெயரோடு போங்கள். நாலைந்து பெயர்களைத் தூக்கிக்கொண்டு போனால் அட்டவணையிலேயே நாள் போய்விடும்.

படி 8: நீங்களும் சேருங்கள்

பலகை சாய்ந்திருந்தாலோ, காணாமல் போயிருந்தாலோ வரலாற்று வளங்கள் துறைக்குத் தெரிவியுங்கள். எச்எம்டிபியில் படம் இல்லாத பலகைக்கு உங்கள் படத்தை ஏற்றுங்கள்.

விடுபட்டுப்போன கதை ஒன்று கண்ணில் பட்டால், புதுப் பலகைக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். வர்ஜீனியாவில் அந்த விஷயம் குறைந்தது 50 ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டிய முக்கியத்துவம் வேண்டும். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். செலவை விண்ணப்பிப்பவர்களே ஏற்க வேண்டும் என்பதால், தேவாலயமோ உள்ளூர்ச் சங்கமோ துணைக்கு இருப்பது நல்லது. வாசகம் சுமார் 100 சொற்களுக்குள் அடங்க வேண்டும், வரலாற்று வளங்கள் வாரியம் அதை அங்கீகரிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த 100 சொல்லை ஒருமுறை எழுதிப் பாருங்கள். எந்தப் பெயரை வைப்பது, எதை வெட்டுவது என்று திணறும்போதுதான், அன்று நீங்கள் பார்த்த ஒவ்வொரு பலகையிலும் யாரோ ஒருவர் எதையெல்லாம் வெட்டியிருப்பார் என்று தெரியவரும்.