மொறிஸ் மைனர் சம்ப் ஒழுக்கு: கோர்க் கஸ்கட்டும் முன் சீலும் மாற்றும் முறை

காரை நிறுத்திவைத்த இடத்தில் எண்ணெய்ப் பொட்டைக் கண்டதும் "சம்ப் கஸ்கட் போயிற்று" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சம்ப் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தகரத் தொட்டி; கஸ்கட் அதற்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவை அடைக்கும் பட்டி. மொறிஸ் மைனரில் அந்தத் தீர்ப்பு பல வேளை பிழை. 1952 முதல் இந்தக் காருக்கு வந்த ஏ சீரிஸ் எஞ்சினில் மேலே எங்கே கசிந்தாலும் எண்ணெய் வழிந்து சம்ப் விளிம்பில்தான் சேரும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி அடிப்பாகம் முழுவதையும் நனைத்துவிடும். ஆகவே ஸ்பனரை எடுக்க முதல் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். காய்ந்தபின் சம்ப் விளிம்பைச் சுற்றி முகப்பவுடர் தூவி, நின்ற இடத்திலேயே 20 நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். எந்த இடம் முதலில் நனைகிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள். ரொக்கர் கவர், மனிபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு தப்பெட் கவர்கள், ஒயில் பில்டர் கிண்ணத்தின் இறப்பர் வளையம் ஆகியவை வழமையான சந்தேக நபர்கள். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல கஸ்கட் வழியாகவும் எண்ணெய் வெளியே வரும்.

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் விழும் சொட்டு வேறு கதை. இந்த எஞ்சினின் பின் முனையில் இறப்பர் சீலே கிடையாது. கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டில்) வெட்டப்பட்ட புரி, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். எனவே அங்கே இரண்டொரு சொட்டு விழுவது நோயல்ல. அடியிலுள்ள துளையில் ஆடிக்கொண்டு தொங்கும் ஸ்பிளிட் பின், அந்தத் துளை அடைபடாமல் இருக்கத்தான். அதைப் பிடுங்கி சிலிக்கனால் அடைப்பவர்கள் எண்ணெயைக் கிளச் தட்டுக்கு அனுப்புகிறார்கள். மைனரின் கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான் ஊற்றுவது. அதனால் மணத்தை வைத்துப் பிரிக்க முடியாது, நிறத்தைப் பாருங்கள். கறுப்பென்றால் எஞ்சின், தெளிவென்றால் கியர்பொக்ஸ்.

சம்ப் விளிம்புதான் குற்றவாளி என்று உறுதியானால் சாமான் தேடலாம். செட்டில் நான்கு துண்டுகள் வரும்: பக்கங்களுக்கு நீளமான தட்டைக் கஸ்கட் இரண்டு, கிராங்கைத் தாங்கும் முன், பின் மெயின் பெயரிங் கப்களின் பள்ளத்துக்குச் சிறிய கோர்க் பட்டி இரண்டு. கூடவே வடிகால் போல்ட்டுக்குச் செப்பு வொஷர் ஒன்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் தபாலில் எடுத்தாலும் கோர்க் பழைய இருப்பாக இருக்கும். திருகோணமலையின் வரண்ட கச்சான் காற்றில் அலுமாரிக்குள் கிடந்தாலே அது சுருங்கி மொறுமொறுப்பாகிவிடும். துளைகள் போல்ட்டுக்கு நேராக வராவிட்டால் இழுத்துப் பொருத்தாதீர்கள், கிழியும். இளஞ்சூட்டு நீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, துடைத்து, நிழலில் ஈரம் போகவிட்டால் பழைய அளவுக்கு வரும். மடிக்கும்போது வெடிப்பு விழுந்தால் எறிந்துவிடுங்கள்.

எங்கள் வளவுகளில் மணல் தரைதான் அதிகம். தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்கள் அதில் மெல்லப் புதையும். ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெயை வடித்து, முடிந்தால் ஓரிரவு அப்படியே விடுங்கள். கிராங்கிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தால் துடைத்த விளிம்பு திரும்பவும் நனைந்துகொண்டே இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இந்த வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது; பிற்பகல் தூசி திறந்த எஞ்சினுக்குள் போய் ஒட்டும்.

போல்ட்களை நாலு பக்கமும் சிறிது சிறிதாகத் தளர்த்திச் சம்பை இறக்குங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இறப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். இடையில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் விளிம்பு வளையும். கிராங்க் தடுத்தால் அதைச் சற்றுத் திருப்பிவிட்டு இறக்கலாம். உள்ளே தெரியும் வடிகட்டியையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். முந்தி யாரோ அள்ளிப் பூசிய சிலிக்கனின் துணுக்குகள் அதில் அடைந்திருப்பது புதினமல்ல.

இனித்தான் முக்கியமான வேலை. சம்பைக் கவிழ்த்து விளிம்பின்மேல் நேர்விளிம்பு இரும்புப் பட்டி ஒன்றை வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் மேலெழும்பியிருக்கும். கசிவு நிற்கட்டும் என்று ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் இறுக்கியதன் பலன் அது. துளையில் மட்டும் கஸ்கட் நசிய, இரண்டு துளைக்கு நடுவில் இடைவெளி விழும். எண்ணெய் அந்த இடைவெளியால் வரும். அதை மறைக்க எந்தப் பசையாலும் முடியாது. விளிம்பைக் கடினமான மரக்கட்டையில் வைத்து, துளை ஓரங்களை உள்பக்கத்திலிருந்து சிறிய சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குங்கள். பட்டி எங்கும் சமமாக உட்காரும்வரை விடவேண்டாம். கடற்கரைக் காற்றில் நிற்கும் கார்களில் சம்பின் அடித்தகரத்தையும் பாருங்கள்: வடிகால் போல்ட்டைச் சுற்றி உப்புத் துரு தின்று ஊசித்துளை விழுந்திருந்தால் கஸ்கட் மாற்றிப் பயனில்லை, முதலில் ஒட்டவேண்டும்.

கஸ்கட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், இறுகிக் கல்லாகாத வகைச் சீலரை மெல்லிய படலமாகத் தடவி எஞ்சின் விளிம்பில் ஒட்டுங்கள். சம்பின் பக்கம் கிரீஸ் போதும். அடுத்த முறை கிழியாமல் கழறும். முனைப் பட்டிகளைப் பள்ளத்தில் விரலால் அழுத்துங்கள். அவற்றின் முனைகள் விளிம்பைவிட ஒன்றரை மில்லிமீற்றர் அளவு உயர்ந்து நிற்கவேண்டும். நீளம் கூடிவிட்டது என்று மட்டமாக வெட்டுவதுதான் அதிகமானோர் செய்யும் தவறு. அந்த உபரிதான் நசிந்து மூலையை அடைக்கும். பட்டியும் தட்டைக் கஸ்கட்டும் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் பயற்றளவு சீலர் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாப் போல்ட்டையும் கையாலேயே புரியேற்றியபின் நடுவிலிருந்து வெளியே, இரு பக்கமும் மாறி மாறி மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி அளவு 6 இறாத்தல் அடி, அதாவது 8 நியூட்டன் மீற்றர். நீளக் கைப்பிடி ரட்செட்டால் இறுக்குகிறவருக்கு அந்த அளவு கையில் தெரியாது. சிறிய ஸ்பனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினால் ஏறத்தாழ வரும். வடிகால் போல்ட்டின் பழைய செப்பு வொஷரையே போடுவதென்றால் செந்தணலாகச் சூடாக்கி ஆறவிட்டுப் போடுங்கள், மிருதுவாகும்.

கிராங்கின் முன் முனையில் எண்ணெயை அடைக்கும் முன் சீலையும் மாற்றுவதானால் ரேடியேற்றர் வெளியே வரவேண்டும். கிராங்க் புல்லியின் போல்ட்டுக்குக் கீழுள்ள பூட்டு வொஷரின் காதை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். பழைய எஞ்சின்களின் முன் மூடியான ரைமிங் கவரில் உரோமப் பட்டி இருக்கும், பிந்தியவற்றில் இறப்பர் சீல். கவரும் அதற்குப் பின்னால் நிற்கும் எண்ணெய்த் தெறிப்புத் தட்டும் சோடியானவை. ஒன்றைப் பழையதும் மற்றதைப் புதியதுமாகப் போட்டால் ஒழுகும். பழைய தட்டின் குழிந்த முகம் எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டும். பிந்திய தட்டில் எஃப் என்ற எழுத்துள்ள முகம் வெளியே. இறப்பர் சீலின் உதடு உள்பக்கம் பார்க்க, மரக்கட்டை வைத்துச் சரிவில்லாமல் அடித்து இறக்குங்கள். பிறகு கவரின் போல்ட்களைத் தளர்வாகப் பூட்டி, எண்ணெய் தடவிய புல்லியை உள்ளே தள்ளிச் சீலை நடுவுக்குக் கொண்டுவந்தபின்பே இறுக்கவேண்டும். முதலே இறுக்கினால் சீல் ஒரு பக்கம் உரசித் தேயும். சிறிய போல்ட்டுக்கு 6, பெரியவற்றுக்கு 14, புல்லிக்கு 70 இறாத்தல் அடி. புல்லியின் கழுத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நீண்ட நாள் தாங்காது.

மூன்றரை லீற்றர் 20W50 எஞ்சின் ஒயில் ஊற்றி, டிப் ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்கள். கொயில் வயரைக் கழற்றி, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றியபின் ஓடவிடுங்கள். ஒருமுறை சூடேறி ஆறியதும் போல்ட்களை அதே 6-க்குச் சரிபாருங்கள், கூட்டவேண்டாம். பரீட்சைக்குத் திருகோணமலையின் உவர்மலை ஏற்றம் நல்லது: காரின் முகம் மேலாக அரை மணித்தியாலம் நிறுத்தினால் பின் பட்டியின் குறை தெரியும், முகம் கீழாக நிறுத்தினால் முன்னதன் குறை. அடியில் கடதாசி மட்டை விரித்துவிடுங்கள். வடித்த எண்ணெயைப் பேணியில் அடைத்து, கழிவு ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேசனில் கொடுங்கள். மணலில் ஊற்றினால் அது உங்கள் கிணற்றுக்குத்தான் வரும்.