பெருந்தமனி அறுவைக்குப் பின் தண்டுவடத்தைக் காப்பது எப்படி?

மார்பு முதல் வயிறு வரை நீளும் பெருந்தமனி வீக்கத்துக்குச் செயற்கைக் குழாய் பொருத்தும் அறுவையில், தமனியை க்ளாம்ப் (கவ்வி) போட்டு மூடியிருக்கும் நேரத்தோடு தண்டுவடத்தின் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கால்களை நன்றாக அசைத்துக்கொண்டே கண்விழித்தவருக்கு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரத்த அழுத்தம் இறங்கியதும் கால் செயலிழப்பது உண்டு. இப்படித் தாமதமாக வரும் வாதத்தைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்தால் பலருக்கு மீட்டுவிடலாம். ஐ.சி.யு.வில் இரவு முழுக்க நோயாளியோடு இருக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இந்தக் குறிப்பு. உங்கள் மருத்துவமனையில் வேறு எண்கள் எழுதப்பட்டிருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

தண்டுவடத்தின் முன்பகுதிக்கு ரத்தம் தருவது நெடுக ஓடும் ஒரே ஒரு தமனி. அதன் கீழ்ப்பாதிக்கு முக்கிய வரத்து ஆடம்கீவிச் தமனி. பெரும்பாலும் இடப்பக்கம், டி9 முதல் டி12 வரையிலான மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் அது கிளம்பும். அறுவையில் அந்தக் கிளை போய்விட்டால், விலா இடைத் தமனிகள், இடது சப்கிளேவியன் (இடக்கைக்குச் செல்லும் தமனி), இடுப்பறைத் தமனிகள் ஆகியவற்றின் சிறு கிளைகள்தான் ரத்தம் கொண்டுவர வேண்டும். அவை விரிந்து பழகச் சில நாட்களாகும். அதுவரை அழுத்தத்தை நாம்தான் தாங்கிப்பிடிக்க வேண்டும்.

கணக்கு எளியது. சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தண்டுவடத் திரவத்தின் அழுத்தத்தைக் கழித்தால் தண்டுவடத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வரும். சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தம்) திரவ அழுத்தத்தைவிட உயர்ந்திருந்தால் சி.வி.பி.யைக் கழியுங்கள். சராசரி 70, திரவம் 15 என்றால் மிஞ்சுவது 55. சராசரி 90, திரவம் 10 என்றால் 80. கீழ்முதுகில் செருகிய மெல்லிய குழாய் (வடிகால்) வழியே திரவத்தை வடிப்பதன் பலன் ஆய்வில் நிரூபணமானது: அறுவை மருத்துவர் கொசெல்லியின் குழு 145 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வடிகால் இல்லாதவர்களில் 13 சதவீதத்தினருக்குக் கால் வாதமோ பலவீனமோ வந்தது, வடிகால் வைத்தவர்களில் 2.6 சதவீதம்தான்.

ஆனால் கவனமில்லாத வடிகால் உயிரையே பறிக்கும். திரவம் வேகமாக வெளியேறினால் மூளை கீழிறங்கி, அதன் மேலுள்ள சிரைகள் இழுபட்டுக் கிழிந்து, டியூரா என்னும் மூளை உறைக்கு அடியில் ரத்தம் கட்டும். ஆகவே திரவ அழுத்தத்தின் இலக்கு 10 மி.மீ. பாதரசம், வடிப்பது மணிக்கு 10 மி.லி., மிஞ்சினால் 15 மி.லி. அந்த அளவை எட்டியதும் அழுத்தம் உயர்ந்தே இருந்தாலும் மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள். ட்ரான்ஸ்டியூசரை (அழுத்தம் அளக்கும் கருவியை) நோயாளி மல்லாந்த நிலையில் இதய மட்டத்தில் ஜீரோ செய்யுங்கள். உள்ளே பிரிசர்வேட்டிவ் இல்லாத சலைன் மட்டும் நிரப்பவும். ஆர்ட்டீரியல் லைனுக்கு (தமனியில் செருகிய குழாய்க்கு) போடுவது போல் பிரஷர் பையையோ ஹெப்பாரினையோ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையோ) இதில் ஒருபோதும் மாட்டக் கூடாது. ஸ்டாப்காக் (குழாயின் திறப்பு-மூடல் திருகு) ஒவ்வொன்றிலும் ‘தண்டுவட வடிகால், மருந்து செலுத்தாதே’ என்று லேபிள் ஒட்டுங்கள்.

அதிகம் தவறு நடப்பது உயரத்தில். 10 மி.மீ. பாதரசம் என்பது 13.6 செ.மீ. நீர். வடியும் திரவம் சொட்டும் அறை ஸ்டாண்டில் அந்த உயரத்தில் நிற்கிறது. யாரோ எக்ஸ்-ரே எடுக்கக் கட்டிலை 10 செ.மீ. உயர்த்துகிறார். இப்போது தடுப்பு வெறும் 3.6 செ.மீ.தான், திரவம் தாராளமாகக் கொட்டும். கட்டிலைத் தொடும் முன், புரட்டும் முன், இருமவைக்கும் முன் வடிகாலை மூடுங்கள். முடிந்ததும் மட்டம் பார்த்துத் திறங்கள். திரவம் ரத்தம் கலந்து வந்தாலோ, கடுமையான தலைவலியோ மயக்கமோ வந்தாலோ உடனே மூடிவிட்டுத் தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும்.

சராசரி ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே போகவிடாதீர்கள், நெடுநாள் பி.பி. உள்ளவருக்கு 90 தேவைப்படும். ரத்த அழுத்தம் குறைக்கும் நைட்ரோபுருசைடைத் தவிர்ப்பது நல்லது: அது தமனி அழுத்தத்தை இறக்கும், திரவ அழுத்தத்தை ஏற்றும், இரண்டு பக்கமும் நஷ்டம். வழக்கமான பி.பி. மாத்திரைகளை அவசரப்பட்டுத் திரும்பத் தொடங்க வேண்டாம். டயாலிசிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு), ரத்தக்கசிவு, இவைதான் அழுத்தம் சரியும் வழக்கமான தருணங்கள்.

முதல் இரண்டு நாட்கள் மணிக்கொரு முறை கால் பாருங்கள். கால்விரல் அசைந்தால் போதாது; இரு கால்களையும் படுக்கையிலிருந்து தனித்தனியாகத் தூக்கச் சொல்லி, 0 முதல் 5 வரை பலத்தைப் பதிவு செய்யுங்கள். எபிடியூரலில் (வலிநீக்க முதுகுக் குழாயில்) மரப்பு மருந்து ஓடினால் இந்தப் பரிசோதனை நம்பகமற்றதாகிவிடும்.

பலம் ஒரு படி குறைந்தாலும் காத்திருக்காதீர்கள். நோயாளியை மட்டமாகப் படுக்கவையுங்கள். ரத்த அழுத்தம் ஏற்றும் நார்அட்ரினலினைக் கூட்டிச் சராசரியை 90-க்கு மேல் கொண்டுபோங்கள். அசைவு திரும்பாவிட்டால் 5, 5 ஆக உயர்த்துங்கள். வடிகால் மடிந்தோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்த்துத் திறங்கள். வடிகாலே இல்லையென்றால் ரத்தத்தின் உறைதிறன் பார்த்துப் புதிதாக வைக்க மயக்கமருந்து மருத்துவரை அழையுங்கள். ஆக்சிஜன் கூட்டுங்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழிருந்தால் ரத்தம் ஏற்றுங்கள். சில மையங்கள் இந்த நிலையில் 12 வரை கொண்டுபோகின்றன. எம்.ஆர்.ஐ. இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கால் நன்றாக இருந்தால் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் வடிகாலை எடுப்பார்கள். முன்கூட்டியே மூடிவைத்துக் கால்பலம் தாங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். பிளேட்லெட், ஐ.என்.ஆர். (ரத்த உறைதிறன் அளவு) சரியாக இருக்க வேண்டும். ஹெப்பாரின் ஓடினால் நிறுத்தி 4 முதல் 6 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். எடுத்ததும் குழாயின் நுனி முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் முதுகுவலியோடு கால் பலவீனம் தோன்றினால், அது முதுகெலும்புக்குள் ரத்தக்கட்டாக இருக்கலாம். அங்கே அவசர எம்.ஆர்.ஐ.யும் நரம்பியல் அறுவை மருத்துவரும் வேண்டும்.