சுயேச்சையாக வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்பது எப்படி? முதல் முறை வேட்பாளருக்கான செய்முறை

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அட்டவணையை முதலில் பார்த்துவிடுங்கள். ஜனவரி 26 அன்று தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் தேதிகளை அறிவித்தது. வேட்புமனு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. பரிசீலனை 5ஆம் தேதி, வாபஸ் 7ஆம் தேதி. வாபஸ் நேரம் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம். 17ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை.

கட்சி வேட்பாளரின் சின்னம் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் இருக்கிறது. சுயேச்சையின் கையில் சின்னம் இருந்தது பத்தே நாள். அதனால் இந்தத் தேர்தலில் உங்கள் வேலையில் முக்கால் பங்கு அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்ததில் நிற்க நினைப்பவர் அதை மனதில் வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம். கீழே உள்ளவை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டுகளுக்கானவை. ஊராட்சித் தேர்தலுக்கு விதிகள் வேறு.

1. வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது?

ஒரே வார்டை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கு; பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு. சென்னையின் 200 வார்டுகளில் 2022இல் பெண்கள் (பொது) 84, பட்டியலினப் பெண்கள் 16, பட்டியலினத்தவர் (பொது) 16. மீதம் 84தான் யாரும் நிற்கக்கூடிய பொது வார்டுகள். பொது வார்டிலும் பெண்கள் நிற்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒதுக்கீடு அரசிதழில் வரும்வரை எதுவும் உறுதியில்லை. வார்டு எல்லையும் மாறலாம். 2024 ஆகஸ்டில் காரைக்குடி, புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல் ஆகியவை மாநகராட்சிகளாயின. இப்படித் தரம் உயர்ந்து பக்கத்து ஊராட்சிகள் சேரும் இடங்களில் பழைய வார்டு வரைபடத்தை நம்பித் திட்டம் போட்டால் வீண். உங்கள் வார்டையும் ஒட்டியுள்ள ஒரு வார்டையும் சேர்த்தே தயார் செய்வது பாதுகாப்பு. வேட்பாளரின் பெயர் அந்த மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஏதாவது ஒரு வார்டின் பட்டியலில் இருந்தால் போதும். பக்கத்து வார்டிலும் நிற்கலாம்.

2. தகுதியைக் காகிதத்தில் சரிபாருங்கள்

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் பெயர் இருக்கிறதா, எந்தப் பாகம், என்ன வரிசை எண், பெயரின் எழுத்து எப்படி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது. அங்கே விடுபட்டால் இங்கேயும் இல்லை.

அரசு ஊழியரும் உள்ளாட்சிப் பணியாளரும் நிற்க முடியாது. அந்த உள்ளாட்சியோடு நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் முடியாது. ஒரு சிறிய வாய்க்கால் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தாலும் அது ஒப்பந்தம்தான். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது வரி நிலுவை. சொத்து வரியை மட்டும் பார்த்துவிட்டு, தொழில் வரியையும் நகராட்சிக் கடையின் வாடகையையும் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் கட்டி ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். நிலுவையில்லை என்ற சான்றையும் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். மனு நாள் நெருங்கியபின் போனால் அந்த அலுவலகத்தில் வரிசை நீளும்.

3. எத்தனை ஓட்டு வேண்டும்?

சென்னையில் 2022இல் 61 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். வார்டுக்குச் சராசரி சுமார் 30,000. வாக்களித்தவர்கள் 44 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது ஒரு சராசரி வார்டில் பதிவானது ஏறக்குறைய 13,000 ஓட்டு. நான்கைந்து பேர் ஓட்டைப் பிரிக்கும் போட்டியில் 5,000 முதல் 6,000 வாங்குபவர் ஜெயிக்கும் நிலையில் இருக்கிறார். பேரூராட்சியில் கதையே வேறு: பல வார்டுகளில் மொத்த வாக்காளரே ஆயிரத்துக்குள், அங்கே நூறு வீட்டின் நம்பிக்கை முடிவை மாற்றும். முதல் முறை சுயேச்சையாக நிற்பவருக்குப் பேரூராட்சியும் சிறு நகராட்சியும்தான் நியாயமான களம். பெரிய மாநகராட்சி வார்டில் நின்றே தீருவேன் என்றால் குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.

சென்ற தேர்தலின் வார்டு முடிவை எடுத்துச் சாவடி வாரியாகப் பாருங்கள். எந்தச் சாவடியில் வாக்குப்பதிவு குறைவு, எங்கே ஒரே கட்சி அள்ளியது, எங்கே இழுபறி என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரே கட்சி அள்ளும் சாவடியில் நேரத்தைக் கரைப்பது புதியவர் செய்யும் வழக்கமான தவறு. சொந்தக்காரர்கள் அங்கே இருப்பார்கள் என்பதால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். இழுபறிச் சாவடிக்கு முதலில் போங்கள்.

4. தெரு நோட்டு

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். எரியாத கம்பத்தின் எண், அடைத்த மழைநீர் வடிகால், குப்பை வண்டி வராத சந்து, பாதியில் நிற்கும் சாலை, யார் சொன்னார், எந்தத் தேதி. சென்னையில் மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்து, புகார் எண் வாங்கிக் கொடுங்கள். மற்ற ஊரில் எழுத்துப் புகாரும் ஒப்புகைச் சீட்டும். பெரிய வேலைகளுக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்த காலம் இரண்டையும் கேளுங்கள். பதில் வந்ததும் நகலைத் தெருவில் உள்ள நான்கு பேரிடம் கொடுங்கள். மனு போடுவதற்கு முன்பே உங்களை ‘அந்த லைட்டு எரிய வைத்தவர்’ என்று தெரிந்திருந்தால், புதுச் சின்னம் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது.

வாக்குறுதி விஷயத்தில் அதிகார எல்லை முக்கியம். தெருவிளக்கு, குப்பை, உள்சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, பொதுக்கழிப்பறை மன்றத்தின் வேலை. பட்டா வருவாய்த் துறை. ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். ‘சொத்து வரியைக் குறைப்பேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022இல் வாக்குப்பதிவு முடிந்து ஆறு வாரத்தில் 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்து வரி உயர்வு வந்தது. அறிவித்தது மாநில அரசு, கவுன்சிலர் அல்ல. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் ஒரு சுயேச்சையின் கைக்கு இருக்கும் எடை மக்களுக்குப் புரியும்.

5. வேட்புமனு: தள்ளுபடி ஆவது இங்கேதான்

2022இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை.

முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். உங்கள் பெயர் வேறு வார்டில் இருக்கலாம், அவருடையது இருக்கக்கூடாது. எதிர்வீடு பக்கத்து வார்டாக இருப்பது நகரங்களில் சகஜம். வீட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் பட்டியலைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவரை மிரட்டியோ சமாதானம் பேசியோ ‘அது என் கையெழுத்தில்லை’ என்று சொல்ல வைப்பதும் உண்டு. அதனால் வேறொரு முன்மொழிபவரை வைத்து இரண்டாவது மனுவும் போடுங்கள். பரிசீலனை அன்று இருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றும் பட்டியலில் உள்ளபடியே. பட்டியலில் ‘முருகேசன்’ என்றிருந்து நீங்கள் ‘முருகேஷ்’ என்று எழுதினால் ஆட்சேபம் எழுப்ப எதிராளிக்கு இடம் கொடுத்தீர்கள். வேறு வார்டு வாக்காளர் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகலை இணையுங்கள்.

உறுதிமொழி ஆவணத்தில் வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி கேட்கப்படும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். கோடு போடவும் வேண்டாம். ‘இல்லை’ என்று எழுதுங்கள். போராட்டத்தில் கைதான பழைய வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் காட்டுங்கள், மறைத்தால்தான் வில்லங்கம். மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள சொத்தும் வர வேண்டும்.

வைப்புத்தொகை 2022இல் மாநகராட்சி வார்டுக்கு ₹4,000, நகராட்சிக்கு ₹2,000, பேரூராட்சிக்கு ₹1,000. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. சலுகைக்கும் தனி வார்டுக்கும் சாதிச் சான்று கட்டாயம். புதிய தேர்தலில் தொகை மாறியிருக்கிறதா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாளே தாக்கல் செய்துவிடுங்கள். ஒரு குறை சுட்டப்பட்டால் சரிசெய்ய ஒரு நாள் மிஞ்சும். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது: தேர்தல் தொடங்கிய பிறகு மனு தள்ளுபடியை எதிர்த்து நீதிமன்றத்தில் தடுத்து நிறுத்த முடியாது. அரசியல் சட்டத்தின் 243 இசட்ஜி பிரிவுப்படி, எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுதான் போட முடியும். தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலத்தில் பாதி போய்விடலாம்.

6. சின்னம்

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர், தன்னை வேட்பாளர் என்று கட்சி சான்றளிக்கும் ஏ, பி படிவங்களைக் கொடுத்து கட்சிச் சின்னம் பெறுவார். நீங்கள் சுயேச்சைச் சின்னப் பட்டியலிலிருந்து விருப்ப வரிசையில் கேட்க வேண்டும். ஒன்றையே இருவர் கேட்டால் குலுக்கல். வரைந்தால் இரண்டு கோட்டில் தெரிய வேண்டும், பாட்டி ஒரே சொல்லில் சொல்ல வேண்டும், பெரிய கட்சியின் சின்னத்தைப் போல இருக்கக்கூடாது. இந்த மூன்றும் பொருந்துவதைக் கேளுங்கள். பெயர், படம், தெருப் பட்டியல் எல்லாம் போட்டு, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு நோட்டீஸ் வடிவத்தை அச்சகத்தில் முன்பே தயாராக வையுங்கள். ஒதுக்கிய இரவே அச்சேறிவிடும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் பிரதி எண்ணிக்கையும் இல்லாத நோட்டீஸை எதிராளி உடனே புகாராக்குவார்.

7. பத்து நாளின் கணக்கு

30,000 வாக்காளர் என்றால் தோராயமாக 8,500 வீடு. இருவர் கொண்ட ஒரு குழு காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் நடந்தால் நாளைக்கு 130 வீடு பார்க்கும். பத்து நாளில் 1,300. எல்லா வீட்டையும் ஒருமுறை தொடவே ஏழு குழுக்கள், அதாவது பதினான்கு பேர் தினமும் வர வேண்டும். வருவேன் என்று சொல்பவர்களில் பாதியைத்தான் எண்ண வேண்டும். எனவே முப்பது பேரிடம் பேசி வையுங்கள். வேட்பாளர் நீங்கள் இழுபறிச் சாவடி வீடுகளுக்கு மட்டும் போங்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுவது செலவு அதிகம், பலன் குறைவு. அனுமதியில்லாமல் கட்டினால் வழக்கும் வரும்.

செலவு உச்சவரம்பு 2022இல் சென்னை மாநகராட்சி வார்டுக்கு ₹90,000, மற்ற மாநகராட்சிகளுக்கு ₹85,000, பேரூராட்சிக்கு ₹17,000. தொண்டர்களின் டீ, டிபன் செலவும் கணக்கில் வரும். கடைசி இரண்டு இரவு பட்டுவாடாவுக்குப் பதிலடி கொடுக்க நினைக்காதீர்கள். அது குற்றம், உங்களிடம் அந்தப் பணமும் இருக்காது. பறக்கும் படை எண்ணைக் கையில் வைத்து, வீடியோவுடன் புகார் கொடுங்கள்.

8. சாவடியும் எண்ணிக்கையும்

சென்னை வார்டில் சுமார் முப்பது சாவடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவர், ஒரு மாற்று. நியமனப் படிவத்தில் முன்னதாகவே கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க அவர் அங்கே இருக்க வேண்டும். மாதிரி ஓட்டுகள் அழிக்கப்பட்டு எண்ணிக்கை பூஜ்யம் காட்டுவதைப் பார்த்த பிறகே கையெழுத்து. மாலையில் பதிவான வாக்குகளின் கணக்குப் படிவ நகலும் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி எண்ணும் முத்திரை எண்ணும் வாங்காமல் வெளியே வரக்கூடாது. எண்ணும் நாளில் மேசையில் அந்த எண்களோடு ஒப்பிடத்தான் இந்தப் பாடு. ஆள் போதவில்லையென்றால் எல்லாச் சாவடியிலும் அரைகுறையாக உட்கார வைப்பதைவிட இழுபறிச் சாவடிகளை முழுதாகக் கவனியுங்கள்.

வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே மறு எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். அறிவித்த பின் கேட்டால் பயனில்லை. சமநிலை வந்தால் குலுக்கல்.

9. செலவுக் கணக்கு

முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் போட்டியின்றி வந்தவருக்கும் இது பொருந்தும். ஒப்படைக்காதவரை ஆணையம் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். தோற்ற சலிப்பில் இதை விட்டுவிட்டு அடுத்த தேர்தலில் வாசலிலேயே நிற்பவர்கள் உண்டு. தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, ரசீதுகளைத் தேதி வாரியாக அன்றன்றே ஒட்டி வந்தால் கணக்கு எழுத ஒரு மாலை போதும். பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். 13,000 ஓட்டு பதிவான வார்டில் அது சுமார் 2,170. பணம் கட்டிய அசல் ரசீதைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அதையும், கணக்கை ஒப்படைத்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் லேமினேட் செய்யாமல் நகலெடுத்து வையுங்கள்.